வில்லிசையில் ஒரு நோய்ப்பாடம்



1986-ஆம் ஆண்டில் நம் தென்பாண்டிச் சீமைக்குத் தொடர்புடைய இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்றை ஊரெல்லாம் பேசிற்று. அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் ஒரு பகுதி பிரிந்து, தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு, வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கிப் புதிய மாவட்டமாக மலர்ந்தது. எங்கள் விளாத்திகுளமும் அதனுள் அடங்கிற்று. மற்றொன்றைப் பற்றி அப்பொழுது எவரும் வாய்திறந்து பேசவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய சுனிதி சாலமன் அம்மையாரும், அவருடைய மாணவியான நிர்மலா அம்மையாரும் திரட்டிய இரத்த மாதிரிகளுள் ஆறில் எச்.ஐ.வி. என்னும் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்திய நாட்டில் அக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது அப்பொழுதுதான்.

அந்தக் கிருமியைப் பற்றி இளைஞர்க்கு எடுத்துரைக்க நம்மவர் பாட்டையும் ஆட்டத்தையும் துணைக்கு அழைத்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். கரிசற்காட்டுப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பாடம் மாணவர் உள்ளத்தில் எவ்வாறு சென்று தங்குகிறது என்பதே என் வாழ்நாள் முழுவதும் நான் கவனித்து வந்த செய்தி. அந்த முறையில்தான் இதனையும் சொல்கிறேன்.

விளாத்திகுளம் பகுதியை வறண்ட நிலம் என்று புவியியல் நூல்கள் எழுதும். மழை குறைவு, வைப்பாற்றில் மணல்தான் மிகுதி, மிளகாயும் பருத்தியும் கம்பும் விளையும். ஆனால் இசையில் இந்நிலம் வறண்டதன்று. ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிக் கேட்போரைத் திகைக்கச் செய்த விளாத்திகுளம் சுவாமிகள் இவ்வூரின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர், 1965-இல் மறைந்தார். அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான் முத்துசாமி தீட்சிதர் 1835-இல் உயிர் நீத்தார். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றத்தக்க சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டியும் இம்மாவட்டத்ததே. எழுத்தறியாத பாட்டிமார்கூடக் கும்மிப் பாட்டிலும் ஒப்பாரியிலும் குறையாதவர்கள். ஏடு படிக்காதவர்க்கும் செவி படித்திருந்த நாடு இது.

இவ்வெல்லாவற்றுள்ளும் இன்றைய நம் பேச்சுக்கு மிக வேண்டியது வில்லுப்பாட்டு. அதனை நீங்கள் கோயில் கொடைகளில் கேட்டிருப்பீர்கள். பனையின் வைரத்தால் செய்த நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் மணிகள், வில்லின் நடுப்பகுதியைத் தாங்கும் மண்குடம், வீசுகோல் இரண்டு, உடுக்கையும் தாளமும் கட்டையும் பக்கத்தில். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதையைத் தொடங்குவார். அவர் அருகே அமர்ந்தவர் 'ஆமாம்' போடுவார். பலரும் இந்த ஆமாம் போடுபவரை வேடிக்கைக்காரர் என்றே எண்ணுவர். என் கருத்து வேறு. கூட்டத்தில் இருப்பவர் கேட்கக் கூசுகின்ற கேள்வியை அவர்களுக்காகக் கேட்பவர் அவரே. அறியாதவர்போல் நின்று ஐயத்தை எழுப்புவதும், தலைமைப் பாடகர் அதனைத் தீர்ப்பதுமாகக் கதை நடக்கும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வினாவிடை முறை என்று எங்களுக்கு ஓராண்டு முழுவதும் கற்பித்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் மேடையில் அது எத்தனையோ தலைமுறைகளாக நடந்து வருவதை அக்கல்லூரி நூல்கள் அறியா.

இன்னொன்றும் உண்டு. வில்லுப்பாட்டில் பாடப்படும் தெய்வங்களுள் பலர் வஞ்சனையாலோ வன்முறையாலோ காலமல்லாக் காலத்தில் இறந்தவர்கள். முத்துப்பட்டன் கதையை எண்ணிப் பாருங்கள். சாதி மறுத்து மணந்து, ஆநிரை காக்கப் போய் உயிர் கொடுத்தவனை ஊர் ஒறுத்துப் பேசவில்லை. கோயில் எழுப்பிப் பாடியது. இறந்தவன் பிழை செய்தானா என்று வில் வழக்காடுவதில்லை. அவனுக்காகக் கேட்பவரை அழச் செய்வதே அதன் இயல்பு. இதனைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிற் கதைகளிலேயே நின்றுவிடாமல் இக்கலையை உலகியற் செய்திகளுக்குத் திருப்பியவர்களுள் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் முன்னிற்பவர். காந்தியடிகளின் வரலாற்றை அவர் வில்லிசையாகப் பாடினார். அவருக்குப் பாட்டெழுதி உதவிய நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகம், பின்னர்த் தாமே அரை நூற்றாண்டுக்கு மேல் அக்கலையை நடத்தி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். 1963-இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் ஏற்பட்டபின் வில்லின் மணியோசை கொடை இல்லாத நாள்களிலும் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. உழவு, சேமிப்பு, குடும்ப நலம் எனப் பலவற்றையும் வில் பேசிற்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஊர்தோறும் கலைப்பயணக் குழுக்கள் பாடியும் நடித்தும் சென்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பகலெல்லாம் உழைத்த பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து எழுத்துக் கூட்டியதற்கு அந்தப் பாட்டுகளும் ஒரு காரணம்.

நிற்க. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நிறுவப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1993-இல், சென்னையில் 'நலம்தானா' என்னும் நாடகக் குழு தோன்றி, தெருக்களிலும் சிற்றூர்களிலும் இந்நோயைப் பற்றிய நாடகங்களைப் பாட்டோடு நடத்தத் தொடங்கியிருந்தது. பெயரைக் கவனியுங்கள். அச்சுறுத்தும் பெயரன்று, நலம் விசாரிக்கும் பெயர். தொடர்ந்து அரசும் தொண்டு நிறுவனங்களும் வில்லுப்பாட்டு, கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து, கணியான் கூத்து ஆகியவற்றில் வல்ல கலைஞர்களை அழைத்து, நோயின் செய்திகளைக் கற்பித்து, ஊர்களுக்கு அனுப்பின.

ஏன் கலைஞர்களை அழைக்க வேண்டியதாயிற்று? பள்ளிக்கூடம் வாய்மூடி நின்றமையால்தான் என்று தயங்காமல் சொல்வேன். இக்கிருமி பரவும் வழிகள் நான்கே. பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்கப்படாத இரத்தம், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குச் சேர்தல். இவற்றுள் முதலாவதைச் சொல்லும் இடத்தில் ஆசிரியர் நா எழாது. பாடநூலின் அந்தப் பக்கம், 'வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்' என்ற ஒரு சொல்லோடு கடந்துபோகும். 2005-இல் நடுவண் அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2007-இல் மாநிலங்கள் சில அதனை ஏற்க மறுத்து நிறுத்தியே வைத்தன. வகுப்பறையில் சொல்லத் தகாதது என்றார்கள். அதே செய்தியை ஊர்ப் பொட்டலில் ஆமாம் போடுபவர் கேட்டபோது, பாட்டிமாரும் பேரன்மாரும் ஒருங்கே அமர்ந்து சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

ஆனால் தொடக்க காலத்துப் பாட்டுகளில் ஒரு பெருங்குறை இருந்தது. அவை அச்சத்தை விதைத்தன. 'உயிர்க்கொல்லி நோய்' என்பதே அந்நாளைய வழக்கு. செய்தித்தாளும் அப்படியே எழுதிற்று. சுவரொட்டியிலும் மண்டையோட்டுப் படம் இருந்தது. அச்சொல் சந்தத்திற்கு நன்றாகப் பொருந்துவது வேறு! உடுக்கையில் ஓர் அடி விழ, 'உயிர்க்கொல்லி' என்று நிறுத்தினால் கூட்டம் நடுங்கும். நோயாளி எலும்பும் தோலுமாக மேடையில் தவழ்வான், மனைவி கதறுவாள், கதை முடியும். இறந்தவனுக்காக அழச் செய்யும் வில், அவனைக் காட்டி மிரட்டும் வில்லாக மாறிற்று.

அதன் விளைவை நான் கண்ணால் கண்டேன். 1990-களின் கடைசியில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தை இந்நோயால் இறந்திருந்தார். ஊர் அறிந்த இரகசியம். அக்காலத்தில் பள்ளிக்கு வந்த ஒரு குழு மேற்சொன்ன வகையில்தான் நிகழ்ச்சியை நடத்திற்று. தவழும் நோயாளி மேடைக்கு வந்த கணத்தில் இருநூறு தலைகள் மேடையை விட்டுத் திரும்பி அந்தப் பையனைப் பார்த்தன. அவன் எழுந்து போகவில்லை. குனிந்து தன் காலணி வாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். மறுநாள் அவன் பலகையில் அவனுக்கு இருபுறமும் இடம் காலியாக இருந்தது. சில பெற்றோர் வந்து அவனை வேறிடத்திற்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் கேட்டார்கள், பள்ளி இணங்கவில்லை. பாட்டு நல்ல பாட்டுத்தான். பிள்ளைகள் ஒரு மாதம் அதனை முணுமுணுத்துத் திரிந்தார்கள். ஒட்டிக்கொள்வது பாட்டின் வலிமை என்கிறோம். தவறான சொல்லும் அதே வலிமையோடு ஒட்டிக்கொள்கிறது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இந்நோயால் நம்மினும் பன்மடங்கு வருந்திய ஆப்பிரிக்க நாடுகளிலும் இசையே முன்னணிப் படையாக நின்றது. காங்கோ நாட்டின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஃபிராங்கோ 1987-இல் எய்ட்ஸைப் பற்றி ஒரு நீண்ட பாட்டைப் பாடி வெளியிட்டார். மாணவர், ஆசிரியர், மருத்துவர் என்று ஒவ்வொருவராக அழைத்து அறிவுரை கூறும் பாட்டு அது. உகாண்டாவில் நிகழ்ந்ததோ அதனினும் ஆழமானது. ஃபில்லி லுட்டாயா என்னும் பாடகர் சுவீடனில் வாழ்ந்து பெரும்புகழ் ஈட்டியவர். 1989 ஏப்ரலில் தாயகம் திரும்பி, தமக்கு அந்நோய் இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். நாட்டில் பெயர்பெற்றவர் எவரும் அதுவரை அவ்வாறு சொன்னதில்லை. நம்பாதவர் பலர், விளம்பரத்திற்காகச் சொல்கிறார் என்றவரும் உண்டு. அவர் தளரவில்லை. பள்ளி பள்ளியாகச் சென்றார், தேவாலயங்களில் பேசினார், தனிமையையும் அச்சத்தையும் பற்றிய தம் புதிய பாட்டை மாணவரோடு சேர்ந்து பாடினார். அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாள் இறந்தார். வயது 38. சுட்டுவிரல் நீட்டிப் பாடாமல், தம்மையே காட்டிப் பாடினார்; வேறுபாடு அதுதான்.

இதற்கு நேர்மாறான சான்றும் அக்கண்டத்திலேயே உண்டு. தென்னாப்பிரிக்க அரசு 1995-இல் 'சாராஃபினா 2' என்னும் இசை நாடகத்திற்கு ஒரு கோடியே நாற்பது இலட்சம் ராண்ட் பணம் ஒதுக்கிற்று. ஆடலும் பாடலும் மிகச் சிறப்பு. நோயைப் பற்றிய செய்திதான் அதில் சரிவர இல்லை என்று அறிஞர்கள் கண்டித்தார்கள். செலவைப் பற்றிய விசாரணையும் நடந்தது; நாடகம் 1996-இல் நின்றுபோயிற்று. எங்கள் ஊர்க் குழு ஒன்றுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தாலும் புதுக் குடம் நாலு வாங்கியிருப்பார்கள்!

மீண்டும் நம் நாட்டிற்கு வருவோம். பாட்டின் போக்கை மாற்றியவர்கள் முதலாவதாக, அக்கிருமியோடு வாழ்பவர்களே. 1997-இல் அவர்கள் சென்னையில் தங்களுக்கென ஓர் இந்திய வலையமைப்பை உண்டாக்கினார்கள். மறு ஆண்டில் தொற்றுடன் வாழும் பெண்கள் தமக்கெனத் தனி அமைப்புக் கண்டார்கள். எங்களை வைத்து ஊரை மிரட்டாதீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டாவது, மருந்து. 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. பின்னர் மாவட்டந்தோறும் பரவிற்று. கிருமியை முற்றாக ஒழிக்கும் மருந்து இன்றும் பொது வழக்கில் இல்லை. ஆயினும் நாள்தோறும் தவறாமல் மருந்துண்பவர் மற்றவரைப்போல் நெடுநாள் வாழலாம். கிருமியின் அளவு சோதனைக்குப் புலப்படாதபடி குறைந்துவிட்டால் உடலுறவின் வழியாகவும் அது பிறருக்குச் செல்வதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் நிறுவின. தாய் மருந்துண்டால் குழந்தையையும் காக்கலாம். உயிர்க்கொல்லி என்ற சொல் பொருளிழந்து போயிற்று. ஆனால் மருந்துச்சீட்டை மாற்றுவது எளிது. மனப்பாடமான பாட்டை மாற்றுவது அரிது. 2004-க்குப் பின்னும் ஊர்களில் பழைய அடிகளையே பாடிய குழுக்களை நான் கேட்டிருக்கிறேன்.

மாற்றிப் பாடியவர்களும் உண்டு. அத்தகைய ஒரு வில்லுப்பாட்டுக் குழு விளாத்திகுளத்தில் பாடியபோது நான் முன்வரிசையில் இருந்தேன். கதை எளியது. தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சுமை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர் நோயுற்று ஊர் திரும்புகிறார். ஆமாம் போடுபவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏண்ணே, அவுக குடிச்ச செம்புல நாம தண்ணி குடிச்சா ஒட்டிக்கிடுமாண்ணே?" தலைமைப் பாடகர் விடை சொல்லவில்லை. வீசுகோலைக் கீழே வைத்தார். அருகிலிருந்த செம்பை எடுத்து, கதையில் நோயாளியாக இருந்தவர் வாய்வைத்துக் குடித்த நீரைத் தாமும் குடித்து, மீதியை ஆமாம் போடுபவரிடம் நீட்டினார். கூட்டத்தில் ஓர் அமைதி. பிறகுதான் வில்லின் மணி ஒலித்தது. இக்காட்சி, எந்தச் சொற்பொழிவும் எட்டாத இடத்தை எட்டிற்று. நோயாளிக்காக அழச் செய்யும் தன் பழைய இயல்புக்கு வில் திரும்பிவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

எல்லாக் கலையும் எல்லாப் பாடத்திற்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சமீன் கோடாங்கிபட்டித் தேவராட்டம் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதில் பாட்டில்லை. உறுமியின் ஒலிக்கேற்ற அடவுகள்தாம். ஊரைக் கூட்டுவதற்கு அதனை மிஞ்சிய கலையில்லை. ஊசியைப் பற்றிச் சொல்ல அதற்கு வாயில்லை. கரகாட்டத்தில் கூட்டம் ஆட்டத்தைப் பார்க்குமேயன்றிச் சொல்லைக் கேளாது. ஒயிலாட்டம் நடுத்தரம். வரிசையாக நின்று கைத்துணி வீசி இளைஞர்கள் ஆடும்போது ஓர் அடியைத் தலைவர் பாட மற்றவர் திருப்பிப் பாடுவதால், ஆடுகிறவன் மனத்தில் செய்தி பதியும். பார்க்கிறவன் மனத்தில் பதியுமா என்பது ஐயமே.

இதிலிருந்துதான், பாடக் கேட்பதைவிடப் பாட்டுக் கட்டுவதே மாணவர்க்கு உகந்த பாடம் என்னும் எண்ணம் என் உள்ளத்தில் வலுப்பெற்றது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் கும்மிப் பாட்டு ஒன்றைத் தாமே கட்டினார்கள். 'எய்ட்ஸ்' என்ற சொல் கும்மியில் அடங்க மறுத்தது. மூன்று மெய்யெழுத்து அடுத்தடுத்து நிற்கும் அச்சொல்லை நீட்டவும் முடியாது, முறிக்கவும் முடியாது. கடைசியில் ஓர் உகரம் சேர்த்து 'எய்ட்ஸு' என்று பாடி வென்றார்கள். 'உயிர்க்கொல்லி' வேண்டும் என்று ஒரு சாரார்; மருந்திருக்கும்போது அதெப்படிப் பொருந்தும் என்று மறுசாரார். இரண்டு நாள் வழக்கு நடந்தது. ஊசி வழி பரவும் என்று எழுதியவள், அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டால் வருமா என்று கேட்டாள்; புதிய ஊசியானால் வராது என்பதை ஓர் அடிக்குள் அடக்குவதற்குள் அவள் அதனை ஆயுளுக்கும் கற்றுக்கொண்டாள். பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வியும் கேளாத பெண்கள், வட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் பார்த்துக் கும்மி பழகும்போது, உடனிருந்த கிராமச் செவிலியரிடம் கேட்ட கேள்விகள் நாற்பதுக்கும் மேல். அவற்றைக் கேட்க எங்களை அவர்கள் அருகில் விடவில்லை. அது நன்று.

கல்லூரிகளில் இன்று செஞ்சுருள் சங்கங்கள் இருக்கின்றன. 2007 டிசம்பர் முதல் நாள் புறப்பட்ட 'ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ்' என்னும் இரயில் நாடு முழுவதும் சுற்றி, நின்ற நிலையங்களிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கலைக்குழுக்களின் வாயிலாகச் செய்தி பரப்பிற்று. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இலவசச் சோதனை நடைபெறுகிறது. சோதனை முடிவு மறையாகவே வைக்கப்படும். 1097 என்னும் தொலைபேசி எண்ணில் ஐயம் கேட்கலாம், கட்டணம் இல்லை. 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தொற்றைக் காரணம் காட்டி ஒருவரைப் பள்ளியினின்றோ வேலையினின்றோ நீக்குவதைத் தடை செய்திருக்கிறது. நான் சொன்ன அந்தச் சிறுவன் படித்த காலத்தில் அச்சட்டம் இல்லை. அவன் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதே பள்ளியில்தான் இருந்தான். முதலில் இருவர் அவனருகே வந்து அமர்ந்தார்கள். மூன்றாமவனை அவன் வீட்டார் கடைசி வரை விடவில்லை.

இந்திய நாட்டில் இன்று சுமார் 25 இலட்சம் பேர் இத்தொற்றுடன் வாழ்கின்றார்கள். புதிதாகத் தொற்றுவது முன்னைவிடப் பெரிதும் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவினாலேயே பேச்சும் குறைந்துவிட்டது. வில்லுப்பாட்டுக் குழுக்களும் அருகிவருகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் இதே பொருள்பற்றிப் பேசப் போயிருந்தேன். நிகழ்ச்சிக்குப் பின் மாணவர்கள் பெயரெழுதாமல் கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் இட்டார்கள். முதலில் எடுத்த தாளில், கொசு கடித்தால் வருமா என்றிருந்தது. வராது என்றேன். இரண்டாவது தாளில், தொற்றுள்ளவரை மணந்துகொள்ளலாமா என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு விடை சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. மணி அடித்தபின்னும் ஒருவரும் எழவில்லை.